மாதக் கணக்கு சரியாக வருகிறது, வளையல் மட்டும் அடகில் இருக்கிறது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு 33 வயது. கணவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மிகை நேரமும் சேர்த்து, பிடித்தம் போகக் கைக்கு 2,450 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். சராசரியாக மாதம் 600. மகளுக்கு 6 வயது, அடுத்த ஜனவரியில் முதலாம் ஆண்டு. மகனுக்கு 3 வயது முடியப்போகிறது. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். மாதச் செலவை எழுதிக் கூட்டினால் 2,730தான் வருகிறது. 320 மிஞ்ச வேண்டும், ஆனால் 20ஆம் தேதிக்கு மேல் கையில் எதுவும் இருப்பதில்லை. கணக்கு எழுத மூன்று முறை நோட்டு வாங்கினேன், மூன்றும் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டன. போன தீபாவளிக்கு வளையலை 2,000 வெள்ளிக்கு அடகு வைத்தேன், மாதம் 40 வட்டி கட்டுகிறேன். உறவுக்காரப் பெண் ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 200 வெள்ளியில் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். கணவரோ புதுக் கார் வாங்கலாம் என்கிறார். எதை முதலில் செய்வது? இன்னொன்று: மகள் பாலர் பள்ளி ஆசிரியையிடம், 'எங்க அம்மா வளையல் கடையில தூங்குது' என்று சொல்லிவிட்டாள். கூனிக் குறுகிப் போனேன். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வரவையும் செலவையும் மறைக்காமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. குடும்ப நிதி ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் முதல் சந்திப்பில் கூட்டுப் பணத்தையும் (பலர் மாதம் தவறாமல் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தமாக எடுப்பது) அடகுச் சீட்டையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பதால்தான் இவ்வளவு திட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. மூன்று முறை தொடங்கி நிறுத்தியதை உங்கள் சோம்பேறித்தனம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வாங்கியது அந்தச் சின்ன 555 நோட்டு என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் தோட்டத்து மளிகைக் கடையில் நம் பாட்டிமார் கடனுக்கு வாங்கிய அரிசியும் எண்ணெயும் ஏறியது அதே நோட்டில்தான். சம்பளம் வந்ததும் கடைக்காரர் கூட்டுவார், கட்டிவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். வாழ்க்கையை மாதம் மாதமாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் குடும்பத்தின் பெரிய செலவுகளில் பல மாதக் கணக்கில் வருகிறவை அல்ல.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், 'அப்பப்போ வரும் செலவுகள்' என்று தனியாக எழுதியிருந்ததை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தீபாவளி 1,800. ஜனவரியில் பள்ளிப் பதிவு, சீருடை, காலணி, பை என்று 700. தைப்பூசம் 300. பழைய காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சாலை வரி, காப்புறுதி 900. கார் பழுது 600. கோயில் திருவிழா 300. கல்யாணம், காதுகுத்து, மொய் 800. பிள்ளைகள் இருவரின் பிறந்தநாள் 400. மொத்தம் 5,800 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 483. உங்களிடம் மிஞ்ச வேண்டிய 320 முழுதாக மிஞ்சினாலும் ஆண்டுக்கு 3,840தான். ஆக, ஒரு வெள்ளியைக்கூட வீணாக்காமல் இருந்தாலும் ஆண்டு முடிவில் 1,960 வெள்ளி பள்ளம் விழும். அடகுக் கடையில் நீங்கள் வாங்கிய தொகை 2,000.

இதோடு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித் தொகையாகக் கடந்த ஆண்டு வந்த 750 வெள்ளியும் வந்த வாரத்திலேயே மளிகைக் கடைப் பாக்கிக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடகுப் பணத்தையும் அதையும் சேர்த்து, பள்ளத்தைக் கழித்தால், கணக்கில் ஏறாமல் போனது 790 வெள்ளி. மாதத்துக்கு 66 கூட இல்லை. மாலையில் ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும் பேரப்பிள்ளைகளோடு வாசலுக்குப் போகும் மாமியார், மழை நாளில் வாங்கும் பிசாங் கோரெங், மகனுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கிளினிக் என்று அது போயிருக்கும். நீங்களும் கணவரும் சண்டை போடுவது இந்த 66 வெள்ளிக்காக. 555 நோட்டு தேடிக்கொண்டிருப்பதும் இதைத்தான். மாதம் 483 கேட்கும் ஆண்டுச் செலவுகளுக்கு அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இல்லை.

காலமும் உங்களுக்குப் பாதகமாகத் திரும்பியிருக்கிறது. சில ஆண்டுகளாக மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் தள்ளிப்போயிருந்த பள்ளித் தொடக்கம், 2026 முதல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. இந்த ஆண்டு (2026) தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி. அதற்கு அடுத்த இரண்டு மாதத்தில் பள்ளி திறக்கும், அதன் பின்னாலேயே தைப்பூசம் வரும். 5,800இல் 2,800 வெள்ளி மூன்று மாதத்துக்குள் வந்து நிற்கிறது. ரவிக்கைத் தையலிலோ இதற்கு நேர்மாறான நிலை: தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் 1,100 வரை வருகிறது, மற்றப் பத்து மாதங்களில் 500தான். நீங்கள் எழுதிய 600 என்பது கூட்டி வகுத்த கணக்கு, அதில் பிழையில்லை. ஆனால் சராசரியைக் கொண்டு போய்க் கடையில் கொடுக்க முடியாதே. பத்து மாதங்களுக்கு உங்கள் உண்மையான மிச்சம் 320 அல்ல, 220.

இனி அடகைப் பற்றி. 1972ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி உரிமம் பெற்ற கடை மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 2,000க்கு 40 வெள்ளி. உங்கள் கடை சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஓர் ஆண்டு இப்படியே வைத்திருந்தால் 480 வெள்ளி, அதாவது எஸ்டிஆர் பணத்தில் பாதிக்கு மேல், வட்டிக்கே போகிறது. அசலில் ஒரு காசும் குறையாது. ஆகவே காரையும் காப்புறுதியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் முதல் இலக்காக வளையலை எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கான பணம் உங்களிடமே இருக்கிறது, செலவுப் பட்டியலில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மாதம் 250 கூட்டுக்குக் கட்டுகிறீர்கள். பன்னிரண்டு பேர், ஆகஸ்டில் உங்கள் முறை, 3,000 வெள்ளி கைக்கு வரும். அந்தப் பணத்தை முன்பணமாக வைத்துக் கார் எடுக்கலாம் என்பது கணவரின் எண்ணம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதையும், கூட்டை நடத்துபவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் பணத்தைத் திரும்பப் பெற உங்களுக்குப் பிடிமானம் எதுவும் இராது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பாதியில் விலகச் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்தில் பதினொரு பேருக்குக் கொடுத்த வாக்கு அது. ஆகஸ்டில் பணத்தை வாங்கிக்கொண்டு டிசம்பர் வரை ஒழுங்காகக் கட்டி முடியுங்கள். அடுத்த சுற்றில் மட்டும் சேராதீர்கள்.

கூட்டைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. நம்மவர்கள் சிறுகச் சேர்ப்பதில் கெட்டிக்காரர்கள். உங்கள் ஊர்க்காரரும் அந்நாளைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பால் மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அது பதிவுபெற்ற சங்கம், கணக்குத் தணிக்கை உண்டு. பக்கத்து வீட்டுக் கூட்டில் அது இல்லை, நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கை அப்படியே போட்டுக் காட்டுகிறேன், கணவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். மாத மிச்சம் ஆண்டுக்கு 3,840, கூட்டுப் பணம் 3,000, எஸ்டிஆர் இந்த ஆண்டும் அதே அளவு வந்தால் 750. கடந்த சில ஆண்டுகளாக எல்லா மாணவர்களுக்கும் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி கிடைத்துவருகிறது. மகள் முதலாம் ஆண்டில் சேரும்போது அதுவும் வந்தால் மொத்தம் 7,740. செலவில், ஆண்டுச் செலவுகள் 5,800, வளையலை மீட்க 2,000, ஆகஸ்ட் வரை எட்டு மாத வட்டி 320, கணக்கில் வராத சில்லறை 790, மொத்தம் 8,910. குறைவது 1,170 வெள்ளி.

இந்த 1,170ஐ எங்கே பிடிப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். மொய்யில் கை வைக்காதீர்கள். சிறிய ஊரில் அது திரும்பி வரும் பணம், வராவிட்டாலும் உறவு நிற்கும். மாமியாரின் மருந்துக்கு ஒதுக்கும் 100 வெள்ளியையும் தொடாதீர்கள். தீபாவளியை 1,800இலிருந்து 1,500க்குக் கொண்டுவரலாம். உங்கள் பட்டியலில் வீட்டுத் திரைச்சீலைக்கு மட்டும் 300 இருந்தது, போன ஆண்டுத் திரை இன்னும் நன்றாகத்தான் இருக்கும். பிறந்தநாள் இரண்டுக்கும் சேர்த்து 150 போதும். 3 வயதுப் பிள்ளைக்குக் கேக்கில் இருக்கும் மெழுகுவர்த்தியை ஊதுவதுதான் பிறந்தநாள், மண்டபமும் பலூன் அலங்காரமும் நாம் பார்ப்பதற்கு. இணையத்துக்கும் இரண்டு கைப்பேசிகளுக்கும் 180 கட்டுகிறீர்கள். வீட்டில் இணையம் இருக்கும்போது இரண்டு கைப்பேசிக்கும் பெரிய மாதத் திட்டம் தேவையில்லை, முன்கட்டணத்துக்கு மாறினால் மாதம் 50 குறையும், ஏப்ரலிலிருந்து ஒன்பது மாதத்துக்கு 450. இதுவரை 1,000. மீதி 170ஐ ரொட்டிக்காரரிடமிருந்துதான் பிடிக்க வேண்டும், அதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட அவருடைய மகன் சொல்வது நல்லது.

வரும் ஜனவரியிலிருந்து நிலைமை மாறும். கூட்டுக்குக் கட்டிய அதே 250ஐ, அதே தேதியில், உங்கள் பெயரிலோ இருவர் பெயரிலோ உள்ள ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அதற்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். ஆண்டுக்கு 3,000 ஆகும். பள்ளமும் சில்லறையும் சேர்ந்த 2,750ஐ அது அடைத்துவிடும். சாலை வரி வந்தாலும், பள்ளிச் சீருடை வந்தாலும், கோயில் திருவிழா வந்தாலும் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், மாதச் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் தையலில் கூடுதலாக வரும் 600, 600ஐயும் தீபாவளிக்கு முன் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். 3,000இல் பள்ளமும் சில்லறையும் போக மிஞ்சும் 250, எஸ்டிஆர் 750, பள்ளி உதவி 150, கைப்பேசியில் மிச்சமாகும் 600 எல்லாம் சேர்ந்தால் ஓராண்டில் 1,750 வெள்ளி அவசரத்துக்கு நிற்கும். கணவரின் சம்பளத்தில் மிகை நேரம் கலந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அதுதான்.

பிள்ளைகளின் படிப்புக் காப்புறுதியை இப்போது எடுக்க வேண்டாம். உறவுக்காரப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை, அவர் தம் வேலையைச் செய்கிறார். ஆனால் முதலீட்டோடு இணைந்த இப்படிப்பட்ட திட்டங்களில், தொடக்க ஆண்டுகளில் கட்டும் பணத்தில் கணிசமான பகுதி கட்டணங்களுக்கும் தரகுக்கும் போய்விடும். இரண்டு மூன்று ஆண்டில் கட்ட முடியாமல் நிறுத்தினால் கைக்குத் திரும்புவது மிகக் குறைவு. மாதம் 163 பள்ளத்தில் நிற்கிற வீடு 200 வெள்ளித் தவணையை எத்தனை மாதம் தாங்கும்? ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களானால், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் கட்டிய பணத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

படிப்புக்குச் சேர்க்க வேறு பணம் வரப்போகிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மகனின் பால் மாவுக்கும் பெம்பர்ஸுக்கும் மாதம் 280 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சில மாதங்களில் அவன் பெம்பர்ஸை விட்டுவிடுவான், மாதம் 100 வெள்ளியாவது மிஞ்சும். பிள்ளை வளர்த்த எந்த வீட்டிலும் அந்த 100 எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. கோழியாகவும் மைலோவாகவும் கரைந்துவிடும். ஆகவே அது மிஞ்சுவதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுங்கள். உயர்கல்விக் கடன் தரும் அரசாங்க நிறுவனமான பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் பிள்ளைகள் இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்கி, பெம்பர்ஸ் நின்ற மாதத்திலிருந்து ஆளுக்கு 50 வெள்ளி போடுங்கள். 20 வெள்ளியிலிருந்தே போடலாம், அரசாங்க உத்தரவாதம் உண்டு, ஒரு மாதம் கட்ட முடியாவிட்டாலும் அபராதம் இல்லை. மகளின் பாலர் பள்ளிக் கட்டணம் 120 நிற்பதை மட்டும் இலாபக் கணக்கில் சேர்க்காதீர்கள், பள்ளி வேன் அதை வாங்கிக்கொள்ளும்.

உங்களுடைய முதுமைக்கு இப்போது எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். தையல் உங்கள் சொந்தத் தொழில், ஆகவே ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே சந்தா கட்டலாம். 2025 முதல் நீங்கள் கட்டுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. அவசரப் பணம் சேர்ந்த பிறகு இதைத் தொடங்கினால் போதும்.

கார் விஷயத்தில் கணவரை நான் குறை சொல்லமாட்டேன். தினமும் ஈப்போ போய்த் திரும்ப 60 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில், மழையில் நனைந்து வருகிறவருக்குக் கார் ஆசை வருவது இயல்பு. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு உண்டு என்பது ஓர் ஆறுதல். ஆனால் ஒன்பது ஆண்டுத் தவணையை இந்த ஆண்டு தொடங்கினால் வளையல் கடையிலேயே இருக்கும், அடுத்து தாலிச் சங்கிலியும் போகும். மோட்டார் தவணையான 210 அடுத்த ஆண்டு இறுதியில் முடிகிறது அல்லவா, அப்போது கார் பேச்சை மறுபடியும் எடுங்கள். அதுவரை சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கில் 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதற்காகவே அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

தினக் கணக்கு எழுதுவதை நிறுத்திவிடுங்கள். சம்பள நாளில் வாடகை 400, தவணை, கட்டணங்கள் எல்லாம் போனபின், சமையல் செலவுக்கான 800ஐ நாலாகப் பிரித்து, வாரத்துக்கு 200 வெள்ளியைப் பழைய மைலோ டின்னில் போட்டுச் சமையலறையில் வையுங்கள். டின் வியாழக்கிழமையே காலியானால் வெள்ளி, சனி, ஞாயிறு பருப்பும் கருவாடும். இதில் எழுதுவதற்கு எதுவும் இல்லை, கணவர் கேள்வி கேட்பதற்கும் இடமில்லை. டின்னைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் மாமியார் தோட்டத்தில் குடும்பம் நடத்தியது கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மகள் சொன்னதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். பெரியவர்கள் அடங்கிய குரலில் பேசினாலும் 6 வயதுப் பிள்ளையின் காதில் எல்லாம் விழும். பாதி விழுந்ததைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வாள். அவளுக்கு வட்டியும் தவணையும் வேண்டாம். "தீபாவளிக்குக் காசு பத்தலை, அதனால வளையலக் கடையில குடுத்துக் காசு வாங்கினோம், ஆகஸ்ட் மாசம் திரும்பி வந்துரும்" என்று மட்டும் சொல்லுங்கள், அவள் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளட்டும். கணவன் மனைவி கணக்குப் பேச்சைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகும்போது சிற்றுண்டிக்கு நாளுக்கு 2 வெள்ளி கொடுத்து, மிஞ்சுவது அவளுடையது என்று விட்டுவிடுங்கள். இரண்டாவது நாளே மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். சாப்பிடாமல் சேர்க்கிறாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே செய்துவிடுங்கள். பீரோவில் இருக்கும் அடகுச் சீட்டை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். அடகு வைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மீட்கவோ சீட்டைப் புதுப்பிக்கவோ வேண்டும். மாதம் தவறாமல் 40 கட்டிவருவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணி, தேதியைக் கவனிக்காமல் விட்டு, நகையை ஏலத்தில் இழந்தவர்கள் உண்டு. தீபாவளிக்கு முன் வைத்தது என்றால் ஏப்ரலில் அந்த ஆறு மாதம் முடிகிறது.